பூட்டாமல் வைத்த முப்பதாயிரம் எழுத்துகள்

2020 ஜனவரி 11 அன்று சிட்னி பல்கலைக்கழகத்தின் எட்வர்ட் ஹோம்ஸ் ட்விட்டரில் ஒரு சிறு அறிவிப்பைப் போட்டார். வூஹானில் பரவிக்கொண்டிருந்த புதிய வைரஸின் மரபணு வரிசை இந்த முகவரியில் இருக்கிறது, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்பதுதான் அதன் சாரம். வரிசையைக் கண்டறிந்தவர் அவரல்ல. ஷாங்காயில் சாங் யோங்சென் தலைமையில் இயங்கிய குழுவின் வேலை அது. ஜனவரி 3 அன்று நோயாளியின் மாதிரி அவர்கள் கைக்கு வந்தது. 5ஆம் தேதிக்குள் ஏறத்தாழ 30,000 எழுத்துகள் கொண்ட முழு வரிசையும் தயாராகிவிட்டது. அன்றே அமெரிக்க அரசின் ஜென்பேங்க் களஞ்சியத்துக்கும் அனுப்பினார்கள், ஆனால் அங்கே அது உடனே பொதுப்பார்வைக்கு வரவில்லை. சீனாவிலோ, அனுமதி இல்லாமல் எந்த ஆய்வகமும் எதையும் வெளியிடக் கூடாது என்று உத்தரவு போட்டிருந்தார்கள். விமானத்தில் ஏறி உட்கார்ந்திருந்த சாங்கிடம் ஹோம்ஸ் தொலைபேசியில் பேசி ஒப்புதல் வாங்கினார். வைரஸ் ஆய்வாளர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் வைராலஜிக்கல் என்ற இணையதளத்தில் வரிசை ஏறியது. மறுநாள் சாங்கின் ஆய்வகத்தை அதிகாரிகள் மூடினார்கள். ‘சீர்செய்வதற்காக’ என்று காரணம் சொல்லப்பட்டது.

ஜனவரி 13 அன்று அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனமும் மாடர்னாவும் சேர்ந்து தடுப்பூசிக்கான வரிசையை முடிவுசெய்துவிட்டன. வைரஸ் அவர்கள் கையில் இல்லை. திரையில் தெரிந்த எழுத்துகளே வேலையைத் தொடங்கப் போதுமானவையாக இருந்தன. மார்ச் 16 அன்று சியாட்டிலில் முதல் தன்னார்வலருக்கு ஊசி போட்டார்கள். டிசம்பர் 2 அன்று பைசர் – பயோஎன்டெக் தடுப்பூசிக்குப் பிரிட்டன் அனுமதி கொடுத்தது. அதற்கு முன் மிக விரைவாக உருவான தடுப்பூசி என்று எல்லோரும் சொன்னது 1960களில் வந்த பொன்னுக்குவீங்கித் தடுப்பூசியை. அதற்கே 4 ஆண்டுகள் பிடித்தன.

இந்தக் கதையைச் சமூக ஊடகத்தின் வெற்றியாகச் சொல்வது வழக்கமாகிவிட்டது. ஒரு ட்வீட் உலகைக் காப்பாற்றியது என்கிற மாதிரி. நான் அதை ஏற்கவில்லை. டிஜிட்டல் கருவிகள் ஆய்வையும் தொழிலையும் எப்படி மாற்றுகின்றன என்ற கேள்விக்கு இந்த நிகழ்ச்சி தரும் பதில் வேறு என்று நினைக்கிறேன். ட்விட்டர் தண்டோரா போட்டது, அவ்வளவுதான். நெல் இருந்தது களஞ்சியத்தில். பொதுப்பணத்தில் நடக்கும், யாரிடமும் அனுமதி கேட்காமல் எடுத்துப் பயன்படுத்தக்கூடிய தரவுச் சேமிப்பு பல பத்தாண்டுகளாக வளர்ந்து நின்றதால்தான் அந்தத் தண்டோராவுக்குப் பயன் இருந்தது. அது இல்லாத இடத்தில் சமூக ஊடகம் எத்தனை வேகமாக இருந்தாலும் வதந்தியைத்தான் வேகப்படுத்தும்.

பெர்லினில் நடந்ததைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்த்தால் இது தெளிவாகும். சாரிட்டே மருத்துவமனையின் கிறிஸ்டியன் ட்ரோஸ்டன் குழு பிசிஆர் பரிசோதனையை வடிவமைக்கத் தொடங்கியது வரிசை வெளியாவதற்கு முன்பே. எதை நம்பித் தொடங்கினார்கள் என்று தங்கள் கட்டுரையிலேயே எழுதியிருக்கிறார்கள்: சார்ஸ் போன்ற ஒரு வைரஸ் தென்பட்டதாகச் சமூக ஊடகத்தில் வந்த தகவல்களை. ஓர் அறிவியல் கட்டுரை தன் தொடக்கப்புள்ளி இதுதான் என்று இவ்வளவு வெளிப்படையாக ஒப்புக்கொள்வது அபூர்வம், அதற்காகவே அவர்களை மதிக்கிறேன். ஆனால் அந்தத் தகவலை வைத்துக்கொண்டு என்ன செய்தார்கள் என்பதுதான் முக்கியம். பொதுக் களஞ்சியத்தில் ஏற்கெனவே கிடந்த சார்ஸ் வகை வைரஸ்களின் வரிசைகளை எடுத்தார்கள். அவற்றில் வௌவால்களிடமிருந்து கிடைத்தவையும் உண்டு. சேர்த்துவைத்த காலத்தில் அவற்றுக்கு என்ன பயன் என்று கேட்டவர்கள் இருந்திருப்பார்கள். அவற்றைக் கொண்டு பல பரிசோதனைகளை முன்கூட்டியே வரைந்துவைத்தார்கள். உண்மையான வரிசை வந்ததும் எது பொருந்துகிறதோ அதைத் தேர்ந்தெடுத்தார்கள். ஜனவரி 13 அன்று உலக சுகாதார நிறுவனம் செய்முறையைத் தன் தளத்தில் போட்டது. கட்டுரை ஓர் இதழில் வந்தது 23ஆம் தேதி. டிஐபி மோல்பியோல் என்ற பெர்லின் நிறுவனம் அந்த வடிவமைப்பில் கிட்டுகள் செய்து வெளிநாடுகளுக்கு அனுப்பத் தொடங்கியது. சமூக ஊடகம் ஒரு துப்பு கொடுத்தது. அந்தத் துப்பைப் பொருளாக மாற்றியது யாரோ எப்போதோ பூட்டாமல் வைத்துவிட்டுப் போன தரவு.

இப்படிப் பூட்டாமல் வைக்கும் பழக்கம் தானாக வந்துவிடவில்லை. 1996இல் பெர்முடா தீவில் கூடிய மனித ஜீனோம் திட்டத்தின் ஆய்வாளர்கள், கண்டறியும் வரிசைகளை 24 மணி நேரத்துக்குள் பொதுக் களஞ்சியத்தில் ஏற்றிவிடுவது என்று ஓர் உடன்பாட்டுக்கு வந்தார்கள். கட்டுரை எழுதி, இதழுக்கு அனுப்பி, பெயர் வாங்கிக்கொண்ட பிறகு வெளியிடுவது என்ற பழைய நடைமுறைக்கு நேர்மாறானது இது. தன் உழைப்பை இன்னொருவர் முந்திக்கொண்டு பயன்படுத்திவிடுவார் என்ற பயம் எந்த ஆய்வாளருக்கும் இருக்கும். அதை மீறித்தான் அந்த உடன்பாடு வந்தது. அதே காலத்தில் செலேரா என்ற தனியார் நிறுவனம் அதே ஜீனோமைத் தானும் வரிசைப்படுத்தி, தரவுக்குக் கட்டணமும் ஒப்பந்தக் கட்டுப்பாடுகளும் விதித்தது. ஒரே வேலை, இரண்டு வழிகள். பொருளாதார ஆய்வாளர்களுக்கு இப்படி ஒரு வாய்ப்பு எளிதில் கிடைக்காது.

அந்த வாய்ப்பைப் பயன்படுத்தியவர் ஹைடி வில்லியம்ஸ். 2013இல் வந்த அவருடைய ஆய்வு, செலேராவின் கட்டுப்பாட்டில் சிலகாலம் இருந்த மரபணுக்களையும் தொடக்கத்திலிருந்தே பொதுவில் இருந்த மரபணுக்களையும் ஒப்பிட்டது. செலேராவின் பிடி எந்த மரபணு மீதும் அதிகபட்சம் 2 ஆண்டுகளுக்கு மேல் நீடிக்கவில்லை. பொதுத்திட்டம் அதே மரபணுவை மறுபடி வரிசைப்படுத்தியதும் பூட்டு தானாக விலகியது. அவ்வளவு குறுகிய காலத்துக்கே, அந்த மரபணுக்களைப் பற்றி அடுத்தடுத்து வந்த ஆய்வுகளும் மருத்துவப் பரிசோதனைப் பொருட்களும் 20 முதல் 30 விழுக்காடு வரை குறைந்திருந்தன. ‘பொருட்களும்’ என்பதைக் கவனியுங்கள். ஆய்வாளர்களின் ஆர்வம் குறைந்ததோடு நிற்கவில்லை, கடைக்கு வந்திருக்க வேண்டிய சரக்கும் குறைந்தது. தரவைத் திறந்துவைத்தால் லாபம் இல்லாமல் போய்விடும், தொழில்முனைவோர் ஒதுங்கிவிடுவார்கள் என்ற வாதத்தைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு இந்த எண்கள்தான் நினைவுக்கு வரும். பூட்டியவருக்கு லாபம் வந்திருக்கலாம். மற்ற எல்லோருடைய புதுமையும் அதற்கு விலையாகப் போனது.

இதற்கு ஒரு நியாயமான மறுப்பு உண்டு. மருந்து செய்யக் கோடிகள் வேண்டும், பேட்டன்ட் இல்லாமல் யார் பணம் போடுவார்? சரியான கேள்விதான். ஆனால் பேட்டன்ட் வேறு, தரவைப் பூட்டுவது வேறு. அதே வில்லியம்ஸ், பாவன் சம்பத்துடன் சேர்ந்து 2019இல் வெளியிட்ட இன்னோர் ஆய்வில் மனித மரபணுக்கள் மீதான பேட்டன்ட்கள் பிற்காலப் புதுமையைப் பாதித்தனவா என்று பார்த்தார். சராசரியாகக் குறிப்பிடத்தக்க பாதிப்பு எதுவும் தென்படவில்லை. பேட்டன்ட் வாங்குகிறவர் கண்டுபிடிப்பை ஊரறிய எழுதிவைத்தாக வேண்டும். படித்துக் கற்றுக்கொள்ள யாருக்கும் தடையில்லை. ஒப்பந்தத்தால் பூட்டிய தரவில் அந்த வாய்ப்பே கிடையாது. கோவிட் தடுப்பூசிகளும் இதைத்தான் காட்டுகின்றன. வைரஸின் வரிசை உலகுக்கே பொதுவாக இருந்தும் பைசர் 2021இல் மட்டும் தன் தடுப்பூசியால் ஏறத்தாழ 3,700 கோடி டாலர் வருவாய் ஈட்டியது. பொதுவான மூலப்பொருளிலிருந்து தனியான பொருள் செய்து விற்பதற்கு எதுவும் குறுக்கே நிற்கவில்லை.

வேகத்தைப் பற்றி வியப்பவர்கள் மறந்துபோகும் ஒன்றையும் இங்கே சொல்லியாக வேண்டும். இரண்டு நாளில் தடுப்பூசியை வரைய முடிந்ததற்குப் பின்னால் 20 ஆண்டு உழைப்பு இருக்கிறது. காடலின் கரிகோவும் ட்ரூ வைஸ்மனும், இந்தத் தடுப்பூசிகளின் அடிப்படையான எம்ஆர்என்ஏவை உடல் எதிர்க்காதபடி மாற்றும் வழியை 2005இல் வெளியிட்டபோது அதைப் பெரிதாகக் கவனித்தவர்கள் மிகச் சிலர். நோபல் பரிசு வந்தது 2023இல். வைரஸின் முள்புரதத்தை நிலைகுலையாமல் நிறுத்திவைக்கும் நுட்பம் மெர்ஸ் வைரஸ் ஆய்வில் பிறந்தது, பெரும்பாலும் அமெரிக்க மக்களின் வரிப்பணத்தில். அந்த நுட்பத்துக்காக மாடர்னா 40 கோடி டாலரை அரசு நிறுவனத்துக்குச் செலுத்தியது 2023 தொடக்கத்தில்தான் வெளியே தெரிந்தது. ஆக, டிஜிட்டல் வேகம் என்று நாம் கொண்டாடுவது பெரும்பாலும் ஏற்கெனவே பொறுமையாகச் செய்து முடித்த வேலை கைக்கு எட்டும் வேகம். அந்தப் பொறுமையான வேலைக்குப் பணம் நின்றுபோனால் இணையம் எத்தனை வேகமாக ஓடினாலும் கொண்டுவர எதுவும் இருக்காது.

இரண்டாவது மறுப்பு இன்னும் கடுமையானது. திறந்த கதவு வழியாகக் குப்பையும்தானே வரும்? வந்தது. 2020 ஜனவரி 31 அன்று தில்லியைச் சேர்ந்த ஓர் ஆய்வுக் குழு பயோஆர்கைவ் தளத்தில் ஒரு ப்ரீபிரின்டை ஏற்றியது. அதாவது மதிப்பீட்டாளர்கள் பார்க்கும் முன்பே ஆய்வாளர்கள் தாங்களே வலையில் போட்டுவிடும் கட்டுரை. புதிய வைரஸில் எச்ஐவியை ஒத்த நான்கு துண்டுகள் செருகப்பட்டிருப்பதாக அது சொன்னது. உலகம் முழுவதும் சதிக்கதைக்காரர்கள் அதைப் பிடித்துக்கொண்டார்கள். ஆனால் சில மணி நேரத்துக்குள் வைரஸ் ஆய்வாளர்கள் கட்டுரையின் அடியிலேயே பதில் எழுதினார்கள்: அந்தத் துண்டுகள் மிகக் குட்டையானவை, தேடினால் எத்தனையோ உயிரிகளில் அவை கிடைக்கும், எச்ஐவிக்கும் இதற்கும் தொடர்பு காட்ட எதுவும் இல்லை. வரிசைகள் பொதுவில் இருந்ததால் யாரும் தானே தேடிப் பார்த்துக்கொள்ள முடிந்தது. பிப்ரவரி 2 அன்று கட்டுரையை எழுதியவர்களே திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். ப்ரீபிரின்ட்கள் மதிப்பீட்டுக்கு உட்படாதவை என்ற எச்சரிக்கையைத் தளம் தன் பக்கங்களின் உச்சியிலேயே போட்டது.

இதோடு வைத்துப் பார்க்க வேண்டியது, முறையான மதிப்பீட்டைத் தாண்டி வந்த ஒரு கட்டுரை. 2020 மே 22 அன்று லான்செட் இதழில் ஹைட்ராக்சிகுளோரோகுயின் மருந்து கோவிட் நோயாளிகளுக்கு ஆபத்தானது என்று ஓர் ஆய்வு வந்தது. 6 கண்டங்கள், 671 மருத்துவமனைகள், 96,032 நோயாளிகள். தரவு முழுவதும் சர்ஜிஸ்பியர் என்ற நிறுவனத்துடையது, வெளியார் எவர் கண்ணிலும் படாதது. மூன்று நாளில் உலக சுகாதார நிறுவனம் அந்த மருந்துச் சோதனையை நிறுத்திவைத்தது. பிறகு யாரோ எண்களை உட்கார்ந்து கூட்டிப் பார்த்தார்கள். ஏப்ரல் 21 வரை ஆஸ்திரேலியாவில் 73 பேர் இறந்ததாகக் கட்டுரை சொன்னது. அந்தத் தேதிவரை அந்த நாடு முழுவதிலும் கோவிடால் இறந்தவர்களே 67 பேர்தான். மே 28 அன்று நூற்றுக்கும் மேற்பட்ட ஆய்வாளர்கள் பொதுக்கடிதம் எழுதினார்கள், ஜூன் 4 அன்று கட்டுரை திரும்பப் பெறப்பட்டது. மதிப்பீடு வேண்டாம் என்று இதற்குப் பொருளில்லை. மதிப்பீட்டாளர் இருவரோ மூவரோ தரவைப் பார்க்காமல் கையெழுத்திடுவதைவிட, தரவு எல்லோர் முன்னாலும் இருப்பது வலுவான காப்பு என்பதே பொருள். தில்லிக் கட்டுரை விழ இரண்டு நாள் ஆனது. லான்செட் கட்டுரை விழ இரண்டு வாரம் ஆனது, அதற்குள் உண்மையான நோயாளிகளை வைத்து நடந்த சோதனை நின்றுபோயிருந்தது.

ஒன்றை மறைக்க விரும்பவில்லை. திருத்தம் ஒருபோதும் பொய்யின் தூரம் போவதில்லை. எச்ஐவியைக் கண்டுபிடித்ததற்காக நோபல் பெற்ற லுக் மோன்டான்யே, அந்தத் தில்லிக் கட்டுரை திரும்பப் பெறப்பட்டு இரண்டு மாதம் ஆன பிறகும் பிரெஞ்சுத் தொலைக்காட்சியில் அதே கருத்தைச் சொன்னார். வாட்ஸ்அப்பில் அது இன்னும் எங்கோ சுற்றிக்கொண்டிருக்கும். இது சமூக ஊடகத்தின் உண்மையான குறை. பரபரப்புக்குக் கூலி கொடுக்கிறது, பொறுமையாகச் சரிபார்ப்பவருக்குக் கொடுப்பதில்லை. அப்படியானால் சரிபார்ப்பதற்கென்று இடம் தனியாக வேண்டும், அது விளம்பரக் காசில் ஓடாத இடமாக இருக்க வேண்டும் என்பதுதான் இதிலிருந்து நான் எடுக்கும் முடிவு. ஒமிக்ரானைக் கண்டுகொண்ட விதத்தில் அப்படியோர் இடம் எப்படி வேலை செய்கிறது என்று பார்க்கலாம். 2021 நவம்பர் 23 அன்று லண்டன் இம்பீரியல் கல்லூரியின் டாம் பீகாக், போட்ஸ்வானாவும் ஹாங்காங்கும் பகிர்ந்த சில வரிசைகளைப் பார்த்து, முள்புரதத்தில் இத்தனை மாற்றங்கள் இருப்பது சாதாரணமல்ல என்று கிட்ஹப்பில் ஒரு குறிப்பு எழுதினார். மென்பொருள் எழுதுகிறவர்கள் பிழைகளைப் பதியும் அதே இடம். வைரஸ் வகைகளுக்குப் பெயர் வைக்கும் குழு அங்கேதான் கூடுகிறது. அடுத்த மூன்று நாளில் அதற்கு ஒமிக்ரான் என்று பெயர் வந்துவிட்டது. அதே பக்கத்தில், அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்தில் ஒரு பள்ளி ஆசிரியர் பல புதிய வகைகளை இனம்காட்டியிருக்கிறார். பட்டம் என்ன என்று யாரும் கேட்கவில்லை. வரிசையைப் பார், மாற்றத்தைச் சொல், மற்றவர்கள் சரிபார்ப்பார்கள். டிஜிட்டல் கருவிகள் அறிவுலகத்துக்குத் தந்திருக்கும் மிகப் பெரிய கொடை இந்த நடைமுறைதான் என்பது என் துணிபு.

தளங்களை நம்பி இதை ஒப்படைக்க முடியாது என்பதற்கு அண்மைய ஆண்டுகளே சாட்சி. 2023இல் ட்விட்டர் தன் தரவை இலவசமாக எடுக்கும் வழியை அடைத்தது; வதந்திகள் எப்படிப் பரவுகின்றன என்று ஆராய்ந்துகொண்டிருந்தவர்களின் வேலை பாதியில் நின்றது. ஃபேஸ்புக்கின் தாய் நிறுவனம், பதிவுகள் பரவுவதைப் பின்தொடர உதவிய கிரவுட்டாங்கிள் என்ற கருவியை 2024 ஆகஸ்ட் 14 அன்று மூடியது. அவை வணிக நிறுவனங்கள், அவற்றின் முடிவு அவற்றுடையது. ஆனால் அரசுகளும் இந்த வேலையைச் சரியாகச் செய்துவிடுவதில்லை. 2021 ஏப்ரல் இறுதியில், இந்தியாவில் இரண்டாம் அலை உச்சத்தை நோக்கி ஏறிக்கொண்டிருந்தபோது, நூற்றுக்கணக்கான விஞ்ஞானிகள் பிரதமருக்குப் பொதுக்கடிதம் எழுத வேண்டியிருந்தது. மத்திய அரசின் மருத்துவ ஆராய்ச்சி அமைப்பான ஐசிஎம்ஆரிடம் சேர்ந்திருந்த பரிசோதனைத் தரவை ஆய்வாளர்களுக்குத் திறந்துவிடுங்கள் என்பது அவர்கள் கோரிக்கை. அந்தத் தரவு நம் வரிப்பணத்தில், நம் மூக்கிலிருந்து எடுத்த மாதிரிகளிலிருந்து வந்தது. நம் நாட்டு ஆய்வாளர்களே அதைப் பார்க்கக் கெஞ்ச வேண்டியிருந்ததை என்னால் எந்த விதத்திலும் நியாயப்படுத்த முடியவில்லை.

கடைசி மறுப்புக்கு என்னிடம் முழுப் பதில் இல்லை, அதனால்தான் அதை மிகுந்த மரியாதையோடு எடுத்துக்கொள்கிறேன். திறந்து கொடுப்பவர் ஏழை, எடுத்துப் பயன்படுத்துபவர் பணக்காரர் என்றால்? பறவைக் காய்ச்சல் காலத்தில், 2006 இறுதியில், இந்தோனேசியா தன் வைரஸ் மாதிரிகளை உலக சுகாதார நிறுவனத்துக்கு அனுப்புவதை நிறுத்தியது. தாங்கள் கொடுத்த மாதிரியைக் கொண்டு ஆஸ்திரேலிய நிறுவனம் ஒன்று தடுப்பூசி செய்ய, அதைத் தங்கள் மக்களால் வாங்க முடியாத நிலை வரும் என்று அன்றைய சுகாதார அமைச்சர் சித்தி ஃபதிலா சுபாரி சொன்னார். அதில் தவறு காண முடியவில்லை. ஒமிக்ரானிலும் இதேதான்: தென்னாப்பிரிக்கா 2021 நவம்பர் 25 அன்று பகிரங்கமாக அறிவித்தது, அன்றிரவே பிரிட்டன் அந்த நாட்டு விமானங்களுக்குத் தடை போட்டது, மற்ற நாடுகளும் பின்தொடர்ந்தன. உண்மையைச் சொன்னதற்குத் தண்டனை கிடைத்தால் அடுத்த முறை எந்த நாடு சொல்லும்? இந்தோனேசியாவின் கோபத்துக்குப் பின் 2008இல் வந்த ஜிஸெய்ட் களஞ்சியம் ஒரு நடுவழியை முயன்றது. பெயர் பதிவு செய்துதான் உள்ளே போக வேண்டும், எடுத்த தரவுக்கு உரியவரின் பெயரைச் சொல்லியாக வேண்டும். அதனால் பல ஏழை நாடுகள் நம்பிப் பகிர்ந்தன. யாரை உள்ளே விடுவது என்பதைக் களஞ்சியத்தை நடத்துபவர்களே தீர்மானிக்கிறார்கள் என்ற புகாரும் கூடவே வளர்ந்தது.

2025 மே மாதம் உலக நாடுகள் ஏற்றுக்கொண்ட பெருந்தொற்று ஒப்பந்தத்தில் இந்தச் சிக்கலுக்கு ஒரு தொடக்கம் இருக்கிறது. பெருந்தொற்றுக் காலத்தில் திட்டத்தில் சேரும் மருந்து நிறுவனங்கள் தங்கள் உற்பத்தியில் 20 விழுக்காட்டை உலக சுகாதார நிறுவனத்துக்கு ஒதுக்குவது இலக்கு. அதில் குறைந்தது பாதி நன்கொடை, மீதி கட்டுப்படியாகும் விலையில். ஆனால் தரவையும் மாதிரிகளையும் எந்த விதிகளின்படி பகிர்வது என்பதைத் தனி இணைப்பில் பேசிக்கொள்ளலாம் என்று அங்கேயே ஒத்திவைத்துவிட்டார்கள். முழு ஒப்பந்தத்தின் உயிரும் அந்த இணைப்பில்தான் இருக்கிறது. அதில் இரண்டு விஷயங்கள் இருந்தாக வேண்டும் என்று நினைக்கிறேன். பகிர்ந்த நாட்டின் மீது பயணத்தடை போடும் அரசு, அதற்கு அறிவியல் காரணத்தை எழுத்தில் தர வேண்டும், அந்த நாட்டுக்கு நேரும் இழப்பை ஈடுகட்டவும் வேண்டும். அரசின் உத்தரவை மீறி வரிசையை வெளியிடும் ஆய்வாளருக்கு, வேறொரு நாட்டின் பல்கலைக்கழகத்தில் வேலையைத் தொடர இடமும் நிதியும் முன்கூட்டியே ஒதுக்கப்பட்டிருக்க வேண்டும். இரண்டுக்கும் ஆகும் செலவு, ஒரு பெருந்தொற்றில் ஒரே ஒரு வாரம் தாமதித்தால் ஆகும் செலவுக்குப் பக்கத்தில்கூட வராது.